ரெண்டாவது ஞாயிறு, நாலாவது ஞாயிறு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். வந்ததும் வராததுமா ஒரு சீரியஸ் பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சு, அடுத்த பதிவுக்கு வாங்க :)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. கோர்ட் வராண்டாவுல நின்னு கத்துக்கிட்டதும், அப்புறம் சட்டப் புத்தகத்தைப் புரட்டித் தெரிஞ்சுக்கிட்டதும்தான் இது. சொந்தக்காரங்க சம்பந்தப்பட்ட விஷயம்கிறதால பேர், ஊர் எதுவும் கிடையாது. கேட்காதீங்க.

போன வருஷம் ஒரு ரெண்டாவது ஞாயிறு. காலைல பத்து மணி. என் சித்தி பையனோட ஒரு வீட்டு கேட் முன்னாடி நிக்கிறேன். என்னைவிட எட்டு வயசு சின்னவன், அதனால தம்பின்னே வெச்சுக்குவோம். கையில ஒரு ஸ்கெட்ச் பென் பாக்ஸ். உள்ள இருந்து பாப்பாவோட தாத்தா வந்தார். கேட்டைத் திறக்கலை. "பாப்பாவுக்குக் காய்ச்சல் தம்பி, இன்னைக்கு வேணாம்"னார். மாத்திரை கொடுத்தாச்சா, டாக்டர்கிட்ட போனீங்களான்னு இவன் கேட்டுக்கிட்டே இருக்கும்போது, வீட்டுக்குப் பின்னாடி சைக்கிள் பெல் சத்தம். ட்ரிங் ட்ரிங்னு நிறுத்தாம.

தாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிட்டார். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

வண்டியில வந்து உக்காந்தப்புறம் தம்பி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "கோர்ட் பேப்பர்ல ஜட்ஜ் கையெழுத்து போட்டிருக்கார் அண்ணே. அதுக்கு என்னதான் மரியாதை?"

அந்தக் கேள்விக்கு பதில் தேடினதுதான் இந்தப் பதிவு.

முன்கதை சுருக்கமா. 2022-ல ரெண்டு பேரும் மனமொத்த விவாகரத்து வாங்கினாங்க. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவு. சண்டை, சச்சரவு, பேப்பர்ல சாணி அடிக்கிறது எதுவும் இல்லை. பாப்பாவுக்கு அப்ப அஞ்சு வயசு. அம்மாகிட்ட இருக்கும், மாசத்துல ரெண்டாவது ஞாயிறும் நாலாவது ஞாயிறும் பத்து மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் அப்பாகிட்ட, கோடை லீவுல பாதி அப்பாகிட்ட, புதன்கிழமை ராத்திரி வீடியோ கால். மாசாமாசம் இவன் ஒரு தொகை கட்டணும். எல்லாம் ஒப்பந்தமா எழுதி, கோர்ட் உத்தரவுல சேர்த்தாச்சு. வெளிய வந்து நாங்க எல்லாரும் ஒரே ஹோட்டல்ல காபி கூட சாப்பிட்டோம். "இவ்ளோ டீசன்ட்டா பிரிஞ்ச ஜோடியை நான் பார்த்ததே இல்லை"ன்னு நானே பெருமை பேசியிருக்கேன்.

அஞ்சு மாசம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் காய்ச்சல், பரீட்சை, அபாகஸ் கிளாஸ், மாமா வீட்டு விசேஷம், "பாப்பா தூங்குறா". தம்பி ஒரு டைரியில குறிச்சு வெச்சிருந்தான். ஒரு வருஷத்துல 24 ஞாயிறு வரணும். பார்த்தது ஏழு.

இந்த இடத்துல நிறுத்தினா, "பாருங்கய்யா, ஆம்பளைங்களுக்கு நடக்குற அநியாயத்தை"ன்னு ஒரு கூட்டமே பின்னூட்டத்துல வந்து கும்மியடிக்கும். கொஞ்சம் பொறுங்க. முதல் மீறல் எங்க பக்கம்.

அஞ்சாவது மாசம் ஊர்ல பொருட்காட்சி. நான்தான் சொன்னேன், "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வாடா, ராட்டினம் சுத்தலாம்"னு. அஞ்சு மணிக்குக் கொண்டு விட வேண்டிய குழந்தையை எட்டரை மணிக்குக் கொண்டு விட்டோம். இவன் போன் சார்ஜ் இல்லாம செத்துப் போயிருந்துச்சு. எனக்கு அது ஒரு பெரிய விஷயமாவே தெரியலை. அப்பன்கூடத்தானே இருக்கு குழந்தைன்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட் வராண்டாவுல அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்னா. "அன்னைக்கு ராத்திரி நான் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நின்னேன் மாமா. உள்ள போனா அவரை அசிங்கப்படுத்துற மாதிரி ஆயிடுமேன்னு போகாம நின்னேன். உங்க வீட்டுல யாராவது ஒரு வார்த்தை ஸாரி சொன்னீங்களா?"

சொல்லலை.

சரி, மேட்டருக்கு வர்றேன். சைக்கிள் பெல் சம்பவத்துக்கப்புறம் நான் கொடுத்த முதல் அட்வைஸ் என்ன தெரியுமா? "காசை நிறுத்துடா. தானா வழிக்கு வருவாங்க." நம்ம ஊர்ல முக்காவாசி அண்ணன்மார் கொடுக்கிற அட்வைஸ் இதுதான். அதையே வக்கீலம்மா முன்னாடியும் சொன்னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தாங்க. "சார், குழந்தைக்குப் பசிக்கிறது ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை."

அதோட விட்டாங்களா, சட்டமும் சொன்னாங்க. பராமரிப்புத் தொகையும் சந்திப்பு உரிமையும் தனித்தனி. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை நிறுத்த ரெண்டு பேருக்குமே உரிமை கிடையாது. இவன் காசை நிறுத்தினா, "நான் உத்தரவை மதிக்கிறவன், அவங்கதான் மதிக்கலை"ன்னு சொல்ற ஒரே தகுதியும் போயிடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்துல 144-ன்னு ஆகியிருக்கு. அதுல ஜீவனாம்சம் கட்டலைன்னா, கட்டாத ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரைக்கும் உள்ள வைக்க வழியிருக்கு.

"அப்ப ஒரு ஞாயிறு காட்டலைன்னா?"ன்னு கேட்டேன்.

"இருக்கு சார், வழி இருக்கு. ஆனா..."ன்னு இழுத்தாங்க. அந்த "ஆனா"தான் இந்தப் பதிவோட விஷயமே.

என்னென்ன வழி இருக்கு?

ஒண்ணு, நிறைவேற்று மனு. நம்ம வக்கீல்கள் பாஷையில ஈ.பி. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984, பிரிவு 18 படி, அங்க போட்ட உத்தரவை சிவில் நடைமுறைச் சட்டப்படி நிறைவேத்தலாம். ஆணை 21, விதி 32-ன்னு ஒண்ணு. உத்தரவுக்குக் கீழ்ப்படிய வாய்ப்பு இருந்தும் வேணும்னே செய்யாதவங்களோட சொத்தை ஜப்தி பண்ணலாம், சிவில் சிறையில வைக்கலாம்.

ரெண்டு, கோர்ட் அவமதிப்பு. 1971-ம் வருஷச் சட்டம். உத்தரவை வேணும்னே மீறுறதோட, கோர்ட்டுக்குக் கொடுத்த உறுதிமொழியை மீறுறதும் இதுல வரும். ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம். கீழ்க்கோர்ட் உத்தரவை மீறினதுக்கு ஹைகோர்ட் போகணும். மீறல் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும். போனாலும், "நிறைவேற்று மனுன்னு ஒரு வழி இருக்கே, முதல்ல அங்க போங்க"ன்னு பல சமயம் திருப்பி அனுப்பிடுவாங்க.

மூணு, உத்தரவையே மாத்தச் சொல்லிக் கேக்குறது. குழந்தை சம்பந்தப்பட்ட உத்தரவு எதுவும் கல்லுல வெட்டினது இல்லை, சூழ்நிலை மாறினா மாத்தலாம்னு சென்னையிலிருந்து போன ஒரு வழக்குல 1973-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. குழந்தைங்க பெத்தவங்களோட உடைமையும் இல்லை, விளையாட்டுச் சாமானும் இல்லைன்னு சொன்னதும் அதே தீர்ப்புதான்.

நாலு, போலீஸ். இதுல காலத்தை வீணாக்காதீங்க. பெத்த தாய் தகப்பன் மேல கடத்தல் கேஸ் பொதுவா நிக்காது. "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கங்க"ன்னு அனுப்பிடுவாங்க. காக்கிச் சட்டையைக் கூட்டிக்கிட்டுப் போய் குழந்தையை வாங்கினா, அந்த ஞாயிறு எப்படி இருக்கும்னும் யோசிச்சுப் பாருங்க.

இப்ப அந்த "ஆனா". இந்தப் பட்டியலை இன்னொரு தரம் படிங்க. ஜப்தி, சிறை, அவமதிப்பு. எல்லாமே பெரிய சம்மட்டி. ஒரு ஞாயிறு காட்டலைங்கிறதுக்காக, அந்தக் குழந்தையோட அம்மாவை ஜெயிலுக்கு அனுப்ப எந்த ஜட்ஜுக்கு மனசு வரும்? வரவும் கூடாதுன்னுதான் நான் சொல்வேன். அடுத்த ஞாயிறு அந்தக் குழந்தை அப்பாவைப் பார்த்து "நீதான எங்கம்மாவை ஜெயில்ல போட்ட"ன்னு கேட்டா இவன் என்ன பதில் சொல்லுவான்? அதனால என்ன நடக்குது? சம்மட்டியைக் காட்டுறாங்க, யாரும் ஓங்குறதில்லை. நோட்டீஸ், வாய்தா, கவுன்டர், வாய்தா, எதிர்தரப்பு வக்கீல் வரலை, வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடுவுல ரெண்டு ஞாயிறு செத்துப் போகுது.

சம்மட்டி வேணாம்னா இன்னொரு பக்கம் என்ன இருக்குன்னு பார்த்தா சிரிப்பு வருது. 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டம் இன்னும் அமல்ல இருக்கு. கோர்ட் முன்னாடி குழந்தையைக் கொண்டு வரச் சொல்லி உத்தரவு போட்டும் கொண்டு வராதவங்களுக்கு 45-வது பிரிவுல அபராதம்: நூறு ரூபாய் வரைக்கும். அப்புறமும் கொண்டு வரலைன்னா நாளொண்ணுக்குப் பத்து ரூபாய் வரைக்கும். மொத்தம் ஐநூறைத் தாண்டக்கூடாது. வெள்ளைக்காரன் காலத்துல அது பெரிய தொகை. இன்னைக்கு ஒரு நாள் அபராதத்துல ஒரு டீ குடிக்கலாம். (கொண்டு வர்றேன்னு ஒத்துக்கிற வரைக்கும் உள்ள வைக்கலாம்னும் அதே பிரிவு சொல்லுது. மறுபடியும் சம்மட்டி!) ஞாயித்துக்கிழமை காட்டாததுக்கு இந்தப் பிரிவு நேரா பொருந்தவும் செய்யாது.

இன்னொண்ணு. இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவுதான் குழந்தையோட பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு மூணையும் பத்திப் பேசுது. அதுல 2001-ல ஒரு திருத்தம் வந்துச்சு. வழக்கு நடக்கும்போதே குழந்தையோட பராமரிப்பு, படிப்புச் செலவுக்கு மனு போட்டா, நோட்டீஸ் கொடுத்த நாள்லேர்ந்து கூடுமானவரை 60 நாள்ல முடிக்கணும். நல்ல திருத்தம். ஆனா குழந்தையைப் பார்க்குறதுக்கு அந்த 60 நாள் கணக்கு கிடையாது. பீஸ் கட்டாம ஸ்கூல் காத்திருக்காதுன்னு சட்டத்துக்குத் தெரிஞ்சிருக்கு. குழந்தை வளர்றதும் காத்திருக்காதே!

பணம் பாக்கி இருந்தா பின்னாடி வட்டியோட வாங்கலாம். அஞ்சரை வயசு ஞாயித்துக்கிழமையை ஏழு வயசுல வாங்க முடியாது. பல்லு விழுந்த மாசத்துல பார்க்கலைன்னா பார்க்கலை, அவ்ளோதான். நான் சொல்ல வர்ற ஒரே விஷயம் இதுதான் மக்களே. கடன் வசூலிக்கிற நடைமுறையை வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமையை வசூலிக்க முடியாது. இதுக்குச் சின்னதா, சீக்கிரமா, கண்டிப்பா நடக்கிற ஒரு வழி வேணும்.

கோடை லீவுக் கூத்தைச் சொல்லாம விட்டுட்டேனே. பாதி லீவு அப்பாகிட்டன்னு உத்தரவு. மே மாசம் அனுப்பலைன்னு வைங்க. ஓடிப் போய் மனு போடலாம்னு பார்த்தா சிவில் கோர்ட்டுகளுக்கும் மே மாசம் கோடை விடுமுறை! அவசர மனுவுக்குத் தனி ஏற்பாடு உண்டு, ஆனா "பாப்பாவை ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும்"கிறது யாருக்குமே அவசரமாத் தெரியாது.

இப்ப எதிர்வாதம். பெண் பதிவர் தோழி ஒருத்தங்ககிட்ட இந்த டிராப்டைக் காட்டினேன். படிச்சுட்டு, "உங்க தம்பி நல்லவர், சரி. அடிக்கிற புருஷன்கிட்டேர்ந்து தப்பிச்சு வந்தவளும் இதே கேட்டைத்தானே சாத்துறா? அவளுக்கும் இதே சட்டம்தானா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல 21-வது பிரிவு, சந்திப்பு குழந்தைக்குக் கெடுதல்னு மாஜிஸ்திரேட்டுக்குப் பட்டா அதை மறுக்கணும்னே சொல்லுது. உச்ச நீதிமன்றம் 2017-ல ஒரு தீர்ப்புல, ஒரு பெற்றோர் குழந்தை மனசுல இன்னொருத்தர் மேல வெறுப்பை ஊட்டுறதைப் பத்திப் பேசியிருக்கு. அது நிஜமா நடக்குது, நானே பார்த்திருக்கேன். அதே சமயம் 2023-ல ஐ.நா.வோட சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் எதிர்ப்பக்கத்தையும் சொல்லியிருக்காங்க. வன்முறையைப் பத்திப் புகார் சொல்ற தாய்மாரையே "நீதான் குழந்தை மனசைக் கெடுக்குறே"ன்னு மடக்குறதுக்கு அந்த வாதம் பல நாட்டுக் கோர்ட்டுகள்ல பயன்படுதுன்னு அவங்க அறிக்கை எச்சரிக்குது. ரெண்டும் உண்மைதான்.

அதுக்கு என் பதில், பயம் இருக்கிறவங்க கேட்டைச் சாத்துறதுக்குப் பதிலா உத்தரவை மாத்த மனு போடட்டும். மூணாவது ஆள் மேற்பார்வையில சந்திப்பு, கொஞ்ச நாளைக்கு வீடியோ கால் மட்டும், தேவைன்னா முழுசா நிறுத்தறது, எதுவானாலும் கோர்ட் சொல்லட்டும். ஆனா இப்படிச் சொல்றதுக்கு எனக்கு உரிமை வரணும்னா, அந்த மனுவையும் கோர்ட் ரெண்டு வாரத்துல கேக்கணும். ரெண்டு வருஷம் ஆகும்னா எந்த அம்மாவும் கேட்டைத்தான் சாத்துவா. வேகம் ரெண்டு பக்கத்துக்கும் வேணும்.

இன்னொரு ரகமும் இருக்கு. இவங்களைப் பத்தி யாருமே எழுதறதில்லை. என்கூட வேலை பார்க்கிற ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரர், முன்னாள் வீட்டுக்காரர், கோர்ட்ல சண்டை போட்டு மாசம் ரெண்டு சனிக்கிழமை வாங்கினார். வாங்கினப்புறம் வர்றதே இல்லை. பையன் ஷூ போட்டுக்கிட்டு, தண்ணி பாட்டில் மாட்டிக்கிட்டு, ஒன்பது மணியிலிருந்து வாசப்படியில உக்காந்திருப்பானாம். பதினோரு மணிக்கு அவனே ஷூவைக் கழட்டி வெச்சுட்டு உள்ள வந்துடுவானாம். ஒண்ணும் கேக்க மாட்டானாம். "அவன் கேக்காம இருக்கிறதுதான் சார் எனக்குத் தாங்கலை"ன்னாங்க.

இவர் ஒப்பந்தத்தை மீறலையா? என் கணக்குல தம்பி வீட்டு கேட்டைச் சாத்தினதைவிட இது பெரிய மீறல். ஆனா குழந்தையைக் காட்டாதவங்க மேல மனு போட வழியிருக்கிற மாதிரி, பார்க்க வராதவர் மேல ஒண்ணும் கிடையாது. ஏன்னா நாம அதுக்கு வெச்சிருக்கிற பேரே "சந்திப்பு உரிமை". அப்பாவோட உரிமை. உரிமைன்னா விருப்பம் இருந்தா பயன்படுத்தலாம், இல்லைன்னா விட்டுடலாம். ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 9-வது பிரிவு வேற மாதிரி எழுதியிருக்கு. பிரிஞ்சு இருக்கிற பெற்றோரோட தொடர்ந்து உறவும் நேரடித் தொடர்பும் வெச்சுக்கிறது குழந்தையோட உரிமை, அது குழந்தைக்குக் கெடுதல்னா தவிர. இந்தியா 1992-லயே இதுல சேர்ந்தாச்சு. ஞாயித்துக்கிழமை குழந்தைக்குச் சொந்தம்னு ஒத்துக்கிட்டா கேட்டைச் சாத்தறவங்களும் கடன்காரங்க, வராதவங்களும் கடன்காரங்க.

மத்த ஊர்ல என்ன பண்றாங்க? இங்கிலாந்துல 2006-ல ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தாங்க. குழந்தை சந்திப்பு உத்தரவை நியாயமான காரணம் இல்லாம மீறினா, 40 மணி நேரத்திலிருந்து 200 மணி நேரம் வரைக்கும் சம்பளமில்லாத சமூக வேலை. மத்தவருக்குப் பணம் நஷ்டமானா அதைக் கொடுக்கணும். டிக்கெட் போட்டு வெச்ச டூர் கெட்டுப் போச்சுன்னா அந்தக் காசு. ஜெயிலுக்கும் சும்மா விடுறதுக்கும் நடுவுல ஒரு படி. அமெரிக்காவுல புளோரிடா மாநிலச் சட்டத்துல இன்னும் எளிமையா இருக்கு. காரணமில்லாம ஒரு நாளை மறுத்தா, அதுக்கு ஈடா இன்னொரு நாளைக் கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடணும். எனக்கு இந்த ரெண்டாவது ரொம்பப் பிடிச்சிருக்கு. எடுத்தது ஞாயிறு, திருப்பிக் கொடுக்கிறதும் ஞாயிறு.

நம்ம ஊர்லயும் யோசிக்காம இல்லை. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையில சட்ட ஆணையம் 2015 மே மாசம் 257-வது அறிக்கை கொடுத்துச்சு. கூட்டுப் பொறுப்பு, சந்திப்பு நேரம், சமரசம் எல்லாத்துக்கும் வழிகாட்டு நெறி போட்டுக் கொடுத்தாங்க. இன்னும் சட்டமாகலை. 2020-ல ஒரு தீர்ப்புல உச்ச நீதிமன்றம், நேர்ல பார்க்க முடியாதப்போ வீடியோ கால்ல பேசறதையும் தனி உரிமையாப் பார்க்கணும்னு சொன்னது நல்ல விஷயம். 2022-ல சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு நீதிபதி, குழந்தையைப் பார்க்க வர்ற அப்பாவுக்கு டீ, பலகாரம் கொடுத்து விருந்தாளி மாதிரி நடத்தணும்னு உத்தரவு போட்டார். அப்புறம் ரெண்டு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து பண்ணிடுச்சு. சரிதான். டீ போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கேட்டைத் திறந்தாப் போதும், டீயை வெளிய குடிச்சுக்கலாம்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லை. தவறின சந்திப்புக்குன்னே ஒரு பக்க மனு, ரெண்டு வாரத்துல விசாரணை. காரணம் நியாயமா இருந்தாலும் இல்லாட்டியும், தவறின நாளுக்கு அடுத்த மாசத்துக்குள்ள ஈடு நாள். காரணமில்லாம திரும்பத் திரும்ப நடந்தா முதல்ல போக்குவரத்துச் செலவு, அப்புறம் உறைக்கிற மாதிரி அபராதம், அதுக்கும் மசியலைன்னா பொறுப்பையே மாத்தறதைப் பத்தி யோசிக்கலாம். சிறை கடைசியிலும் கடைசி. இதெல்லாம் வராம டபாய்க்கிற அப்பாவுக்கும் பொருந்தணும்.

சட்டம் வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறது ஒப்பந்தத்தை ஒழுங்கா எழுதறது. "நியாயமான நேரங்களில் சந்திக்கலாம்"னு எழுதினா செத்தீங்க. யாருக்கு எது நியாயம்? கிழமை, மணி, இடம், யார் கூட்டிட்டு வரணும், யார் கொண்டு விடணும், லேட்டானா எவ்வளவு நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும், காய்ச்சல்னா ஈடு நாள் எது, பொங்கல் யார்கிட்ட, தீபாவளி யார்கிட்ட, லீவுல எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும், பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கும், எல்லாத்தையும் எழுதுங்க. அன்பா இருக்கும்போதே எழுதிடுங்க. நாங்க காபி குடிச்ச சந்தோஷத்துல பாதியை எழுதாம விட்டோம்.

மீறல் நடந்துட்டா? உள்ளே விட மாட்டாங்கன்னு தெரிஞ்சாலும் சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்க. போனதையும் திரும்பினதையும் மரியாதையான ஒரு மெசேஜ்ல பதிவு பண்ணுங்க. கேட் முன்னாடி குரலை உசத்தாதீங்க, மாடி ஜன்னல்ல ஒரு ஜோடிக் கண்ணு இருக்கும். காசை நிறுத்தாதீங்க. மூணு நாலு தடவை தவறின உடனே மனு போடுங்க, எங்களை மாதிரி ஒரு வருஷம் டைரி எழுதிக்கிட்டு உக்காராதீங்க.

தம்பி கதை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஈ.பி. போட்டோம். முதல் தடவை ஜட்ஜ் உருப்படியா கேட்டதுக்கு ஏழு மாசம் ஆச்சு. நல்ல ஜட்ஜ். ஆலோசகர்கிட்ட அனுப்பினார். அந்த அறையில நான் முதல் வேலையா பொருட்காட்சி ராத்திரிக்கு மன்னிப்பு கேட்டேன். அந்தப் பொண்ணு அழுதா. தம்பி எதுவும் பேசலை. அப்புறம் ரெண்டு மணி நேரத்துல எல்லாம் எழுதி முடிஞ்சுது. வீட்டு கேட் வேணாம், ஊர் நூலகத்துல குழந்தைகள் பகுதியில கைமாத்திக்கலாம். கால் மணி நேரம் லேட்டானாலும் மெசேஜ். தவறினா அடுத்த ஞாயிறே ஈடு நாள். ரெண்டு மணி நேர வேலைக்கு ஏழு மாசக் காத்திருப்பு.

இப்ப ஆறு ஞாயிறுல அஞ்சு நடந்திருக்கு, ஒண்ணுக்கு ஈடும் கிடைச்சுது. ஜெயிச்சாச்சுன்னு சொல்லலாம்தான். போன வாரம் நானும் நூலகத்துக்குப் போயிருந்தேன். முன்னாடியெல்லாம் ஓடி வந்து கால்ல கட்டிக்கிற பாப்பா, மெதுவா நடந்து வந்துச்சு. பையை தோள்ல சரி பண்ணிக்கிட்டு, பெரிய மனுஷி மாதிரி அப்பாவைப் பார்த்துக் கேட்டுச்சு:

"எத்தனை மணிக்குக் கொண்டு விடுவீங்க?"

"அஞ்சு மணிக்கு கண்ணம்மா."

"ப்ராமிஸா?"

எட்டு வயசு. அந்த ஒரு வார்த்தையில நாங்க ரெண்டு பக்கமும் செஞ்சது எல்லாம் இருந்துச்சு. அன்னைக்கு நாலே முக்காலுக்கே கொண்டு போய் விட்டுட்டோம்.

வக்கீல் பதிவர்கள் யாராவது படிச்சா, சட்டத்துல நான் தப்பா சொன்னதைப் பின்னூட்டத்துல திருத்துங்க. இதே மாதிரி கேட் முன்னாடி நிக்கிறவங்க, கேட்டுக்கு உள்ள பயந்துக்கிட்டு நிக்கிறவங்க, ரெண்டு பேரும் எழுதலாம். அனானியா வந்தாலும் பரவாயில்லை. கும்மி மட்டும் இந்தப் பதிவுல வேணாம், ப்ளீஸ்.